நூற்று நாற்பத்து மூன்று போர்வைகள்

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்குத் தூசிதான் முதல் எதிரி. அந்த வருஷம் மழை பிடிப்பதற்கு ஒரு மாதம் முன்னால் என் கடைக்குள் ஒரு வெள்ளைத் தூசி விழ ஆரம்பித்தது. கதவும் அப்போதுதான் இறுகிப்போய், தோள் கொடுத்து முட்டினால்தான் திறக்கும் என்று ஆகியிருந்தது. முட்டித் திறந்து உள்ளே போனால், முந்தின நாள் துடைத்து வைத்த லென்ஸ் மேலெல்லாம் மாவு சலித்த மாதிரி இருக்கும். மாவு என்றே முடிவு கட்டிவிட்டேன். பக்கத்துக் கடை ரொட்டிக்கடை. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்.

"அம்மா, உங்க மாவு என் கடைக்குள்ள வருது" என்று போய்ச் சொன்னேன்.

"என் மாவுக்குக் கால் முளைச்சிருக்கா?" என்று ரொட்டிக்கடைக்காரம்மா பிசைந்த கையோடு வந்தார். மேஜை மேல் விரலால் ஒரு கோடு இழுத்து, அதை நாக்கில் வைத்துப் பார்த்து, உடனே துப்பினார். "சுண்ணாம்பு. மேல பாருய்யா. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடற, உன் தலைக்கு மேல இருக்கறது தெரியல."

பார்த்தேன். மூலையிலிருந்து விளக்குக் கொக்கி வரைக்கும் கூரைப்பூச்சில் ஒரு விரிசல் வளைந்து வளைந்து ஓடியது. அதற்கு மேலே மரத்தளம். மரத்தளத்தின் மேல் டிரைவர் வீட்டு உள்ளறை. அந்த அறையில் என்ன இருக்கிறது என்று எங்கள் தெருவில் தெரியாதவர்கள் இல்லை.

டிரைவர் முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். காலையில் முதல் வண்டி எப்போதும் அவருடையதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் பஸ் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு விட்டுப்போனது. மூன்று மாதம் படுக்கை. அந்த மூன்று மாதத்தில்தான் ஊசியைக் கையில் எடுத்தார். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் திரைச்சீலை தைக்கிற பட்டறையில் வேலை பார்க்கிறார். பட்டறையில் வெட்டி மிஞ்சுகிற துண்டுகளை மூட்டையாகக் கட்டிக் குப்பைக்குப் போடுவார்கள். கணவர் சும்மா கிடந்து கூரையையே பார்க்கிறாரே என்று அக்கா ஒரு மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"அன்னிக்கு ஒரு சீட்டுக்கட்டு வாங்கிக் குடுத்திருந்தா இன்னிக்கு வீட்டுல நடக்க இடம் இருந்திருக்கும் தம்பி" என்பார்.

முதல் போர்வை கையாலேயே தைத்தது. அது அவருடைய ஒரே பெண்ணுக்கு. நர்ஸ் படிப்புக்கு வெளியூர் ஹாஸ்டலுக்குப் போகிறவள். அவளுடைய பள்ளிக்கூடப் பாவாடை, அக்காவின் பழைய உள்பாவாடை, டிரைவரின் காக்கிச் சட்டை, எல்லாவற்றிலும் ஒரு துண்டு எடுத்து ஒட்டியிருந்தார். இடுப்பு தேறி ஒரு வருஷம் மறுபடி பஸ் ஓட்டினார். பிறகு ஓய்வு. ஓய்வு கிடைத்த அன்றே பழைய தையல் மெஷின் ஒன்று மாடிக்கு ஏறியது. அதற்கப்புறம் அவர் கை ஓயவில்லை.

வேலையைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. தரையில் துண்டுகளைப் பரப்பி, ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, நிறத்துக்கு நிறம் மாற்றி மாற்றி வைப்பார். அரை நாள் அதுவே போகும். பிறகு மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் பழைய படுக்கை விரிப்பு, மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல். "துணிய இழுக்கக் கூடாது தம்பி. ஸ்டியரிங் மாதிரிதான். வளைவு வரதுக்கு முன்னாலயே திருப்பறவன் டிரைவரே இல்ல" என்று எனக்கு விளக்குவார். ஓரம் மடித்து அடித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். எங்கேயாவது ஒரு கோடு நூலிழை விலகியிருந்தால் அது தெருவுக்குப் போகும். விலகாதது உள்ளறைக்குப் போகும்.

தெருவுக்கு வந்தவற்றுக்கே கணக்கில்லை. குழந்தை பிறந்தால் போர்வை, காய்ச்சல் வந்தால் போர்வை, வீடு மாறினால் போர்வை. இரண்டாம் வருஷத்தில் எல்லார் வீட்டிலும் ஒன்று இருந்தது. மூன்றாம் வருஷத்தில் இரண்டு. தபால்காரம்மா மாடிக்குப் போகிற கடிதங்களை என் கடையிலேயே வைத்துவிட்டு நழுவ ஆரம்பித்தார். "எனக்கு மூணு ஆச்சு. என் வீட்ல ஆளே ரெண்டுதான்" என்றார். காஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர் இறங்கும்போது அதைவிடப் பெரிய மூட்டையோடு இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

உள்ளறைக்குப் போனவை அங்கேயே இருந்தன. "அதுல ஒண்ணு குடுங்களேன்" என்று யாராவது கேட்டால், "அது வேற ஆளுக்கு" என்பார். எந்த ஆளுக்கு என்று அக்காவுக்கும் தெரியாது.

அந்த அறைக்குள் நான் இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். நாலு சுவரிலும் நெஞ்சு உயரத்துக்குப் போர்வை. நடுவில் ஒரு மலை. உள்ளே நுழைந்ததும் தெருச் சத்தம் அறுந்துவிடும். நாம் பேசுகிற பேச்சே யாரோ பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரிக் கேட்கும். ஜன்னல் வழியே வருகிற பனிமூட்டத்து வெளிச்சம் அத்தனை நிறத்திலும் பட்டு, எந்த நிறமென்று சொல்ல முடியாத ஒரு மங்கலாகி அறை முழுக்க மிதக்கும். எதற்கு வந்தோம் என்பது மறந்து போகும். இரண்டு நிமிஷம் நின்றால் கொட்டாவி வந்துவிடும். மீட்டர் பார்க்க வந்தவர் ஒருமுறை அங்கே சாய்ந்தவர், அக்கா பட்டறையிலிருந்து வந்து எழுப்புகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

விரிசலைப் பார்க்கத் தச்சர் வந்தார். ஏணி போட்டு ஏறி, உளியால் பூச்சைக் கொத்தி, விட்டத்தைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

"சுவருக்குள்ள போற முனை ஈரத்துல உளுத்திருக்கு. மேல என்ன வெச்சிருக்காங்க? சிமெண்ட் மூட்டையா?"

"போர்வை" என்றேன்.

"போர்வையா? எத்தனை போர்வை இருந்தா விட்டம் இப்படி வளையும்!"

மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தச்சர் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார். பிறகு கொட்டாவி விட்டார்.

"நாலஞ்சு ஆளு எப்பவும் இங்க நின்னுக்கிட்டே இருக்கற மாதிரி" என்றார். "இன்னிக்கு நாளைக்கு விழுந்துடாது. ஆனா மழை பிடிச்சு ஈரம் ஏறினா சொல்ல முடியாது. புது மரம் அணைக்கணும், அடியில ஜாக்கி வெச்சுத் தூக்கணும். அதுக்கு முன்னால இந்த ரூம் காலியா இருக்கணும்."

டிரைவர் மெஷினில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "கீழ நாலு முட்டுக் குடுத்துட்டுப் போங்க."

"முட்டுக் குடுத்தா கண்ணாடிக்காரர் எங்க உட்காருவாரு?"

"அவரு ஒல்லிதானே. நடுவுல உட்காரட்டும்."

அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், அன்றைக்கு வெடித்துவிட்டார். "என்னங்க பேசறீங்க? கீழ ஒரு மனுஷன் உட்கார்ந்து பொழப்பு நடத்தறாரு. அவர் தலையில விட்டம் விழுந்தா இந்தப் போர்வையையா போர்த்தி விடுவீங்க? குடுத்துத் தொலைங்களேன்! யாருக்குச் சேர்த்து வெச்சிருக்கீங்க?"

மெஷின் சத்தம்தான் பதிலாக வந்தது. அக்கா தலைகீழாக நின்றாலும் அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார் என்று தெரிந்தது. இரண்டு வாரம் மன்றாடிப் பார்த்துவிட்டு, ஒரு சாயங்காலம் அக்கா என் கடைக்கு வந்து, என் போனை வாங்கிப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"நீ வந்து சொல்லு குட்டி. நீ சொன்னாக் கேட்டாலும் கேப்பாரு... இல்லடி, பேச மாட்டாருதான். பேசாட்டி என்ன, கேக்கறதுக்குக் காது போதும்ல?"

குட்டி என்பது வீட்டுப் பேர். ஆள் குட்டி இல்லை. படிப்பு முடிந்து, படித்த ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாள். வந்தால் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் டிரைவருக்கு டிப்போவில் பழைய நண்பர்களைப் பார்க்கிற வேலை வந்துவிடும். சண்டை எதுவும் கிடையாது. சாப்பிட்டியா, கிளம்பிட்டியா, அவ்வளவுதான் பேச்சு. ஐந்து வருஷமாக இப்படி. ஏனென்று அக்காவுக்கும் புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் வந்து இறங்கினாள். இரண்டு ராத்திரி டியூட்டியை அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, உடை மாற்றாமல் பஸ் ஏறி, பத்து மணி நேரம் நின்றும் உட்கார்ந்தும் வந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. அக்கா உருளைக்கிழங்கு வேகவைத்து, முட்டை பொரித்து, ரொட்டியோடு வைத்தார். பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தச்சர் ஜாக்கியும் மரமுமாக வந்துவிட்டார். நாளைக்கு அவருக்கு வேறு ஊரில் வேலை. வானமும் கறுத்துக்கொண்டு வந்தது.

"பேசிட்டு வரேன்" என்று கையைக் கழுவிக்கொண்டு அவள் உள்ளறைக்குப் போனாள். நானும் அக்காவும் பின்னாலேயே போனோம்.

"அப்பா."

"ம்."

"இதெல்லாம் இறக்கிடலாம்ப்பா."

டிரைவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "உன் இஷ்டம். உனக்கு இது எதுவும் வேணாம்னு எனக்குத் தெரியும்."

"நான் எப்பப்பா வேணாம்னு சொன்னேன்?"

அவர் எழுந்து, என்னை ஒதுக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். அவள் நடுவில் இருந்த குவியல் மேல் உட்கார்ந்தாள். "அஞ்சு நிமிஷம்மா. என்ன பேசறதுன்னு யோசிச்சுட்டு வரேன்" என்றாள். சொல்லும்போதே குரல் குழறியது. ஐந்து நிமிஷம் கழித்து அக்கா எட்டிப் பார்த்தால், அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம். பக்கத்து அடுக்கிலிருந்து நாலைந்து போர்வை அவள் மேலேயே சரிந்து, முகம் மட்டும் வெளியே தெரிந்தது.

கீழே இருந்து தச்சர் குரல் கொடுத்தார். "ஆகட்டுமா?"

"பொண்ணு நடுக் குவியல் மேல தூங்குது" என்றேன்.

"எழுப்புங்க சார். அதுக்குக் கீழ போற விட்டம்தான் உளுத்தது."

இதைக் கேட்டதும் டிரைவர் வந்தார். வாசலில் நின்று அவளைப் பார்த்தார். அவள் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஒரு கை கன்னத்துக்கு அடியில்.

"எழுப்ப வேணாம்" என்றார். "சுத்தி இருக்கறத எடுத்துடலாம். மேலேருந்து எடுங்க. அடியில இழுத்தா சரிஞ்சுடும்."

இரண்டு வாரமாக அக்கா மன்றாடி நடக்காதது அப்படித்தான் நடந்தது. டிரைவர் எடுத்துக் கொடுப்பார். அக்கா வாங்கி என்னிடம் தருவார். நான் படிக்கட்டு நடுவில். கீழ்ப்படியில் ரொட்டிக்கடைக்காரம்மா. தபால்காரம்மா எதற்கோ வந்தவர், தப்ப முடியாமல் வரிசையில் சேர்ந்துகொண்டார். ஒருவர் கூட வாய் திறக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிக்காலில் ஏறி இறங்கினோம். கையில் வாங்குகிற ஒவ்வொன்றும் தூங்குகிற குழந்தையை மாற்றிக் கொடுப்பது மாதிரி கனமும் கதகதப்புமாக இருந்தது. மஞ்சள் பூப்போட்டது, கடல் பச்சை, கோடு போட்டது, யார் வீட்டு ஜன்னலிலோ தொங்கவேண்டிய துணியெல்லாம் என் கை வழியாக இறங்கியது. வெளியே பனிமூட்டம் தெருவை மூடிக்கொண்டது. எத்தனையாவது என்று எண்ண ஆரம்பித்து, எழுபதுக்கு மேல் எனக்குக் கண் சொக்கியது. நின்றுகொண்டே ஒரு கனவுகூட வந்த மாதிரி ஞாபகம். அக்கா போர்வையால் என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, அடுத்ததைக் கையில் திணித்தார்.

மேலே அறை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிசாகிக்கொண்டு வந்தது. முதலில் ஜன்னல் கட்டை தெரிந்தது. பிறகு சுவரில் பெண் சின்ன வயதில் கிறுக்கிய பென்சில் படங்கள். பிறகு தரை. கடைசியில், அவள் படுத்திருந்த குவியலுக்கு அடியில் ஒரு கட்டில் இருந்தது தெரிந்தது. அவளுடைய சின்ன வயசுக் கட்டில். நாலரை அடி நீளம், இரண்டு பக்கமும் சட்டம். ஐந்து வருஷமாக யாரும் பார்க்காத கட்டில். மூன்று போர்வை மெத்தையாக, ஒன்று மேலே போர்த்தியபடி, அவள் அதில் குறுக்காகக் கிடந்தாள். முழங்காலுக்குக் கீழே கட்டில் சட்டத்தைத் தாண்டி, அந்தரத்தில் இரண்டு பாதம்.

"ஐயோ, கால் வெளிய கிடக்கே, குளிராதா?" என்று ரொட்டிக்கடைக்காரம்மா மேலே வந்து போர்வையைக் காலுக்கு இழுத்து விட்டார். தோள் திறந்துகொண்டது. தோளுக்கு இழுத்தார். கால் திறந்துகொண்டது. இன்னொன்றை எடுத்துப் போர்த்திப் பார்த்தார். அதுவும் அப்படியே. அவர் திரும்பி எங்களைப் பார்த்தார்.

"என் வீட்டுலயும் இதே கதைதான்" என்றார் மெதுவாக. "நான்தான் சரியாப் போர்த்திக்கத் தெரியாதவன்னு நெனைச்சேன்."

தபால்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "என் வீட்டுக்காரரு சாக்ஸ் போட்டுத்தான் தூங்கறாரு."

நானும் ஒப்புக்கொண்டேன். நான் நெட்டை என்பதால் என் தப்பு என்று நினைத்திருந்தேன். அக்காவோ, "கட்டின பொண்டாட்டி நானே சொல்லலியே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு தெருவே ஐந்து வருஷமாகக் காலைக் குளிரில் நீட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறது. அவர் மனசு நோகும் என்று ஒருவரும் மூச்சு விடவில்லை.

டிரைவர் கழுத்தில் எப்போதும் தொங்குகிற அளவு நாடாவை எடுத்தார். ஒரு நுனியை அவள் உச்சந்தலைக்குப் பக்கத்தில் வைத்து, அக்காவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவள் முடியில்கூடப் படாமல், முதுகோரமாக நாடாவை விட்டுக்கொண்டே குதிகாலைப் பார்த்துப் போனார். நாடா பாதம் வருவதற்குள்ளேயே முடிந்துபோக, மிச்சத்தை விரலால் அளந்தார். குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"அஞ்சடி எட்டு" என்றார். யாரோ பொய் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது அவர் குரல்.

மழை இறங்கிவிட்டது. தச்சர் ஜாக்கியைச் சுற்றச் சுற்ற, விட்டம் முனகிக்கொண்டே ஒரு விரற்கடை மேலே ஏறியது. அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை. போர்வைகள் என் கடைக்குள், ஜாக்கிக்கு இந்தப் பக்கம், கூரை முட்ட அடுக்கியிருந்தன. நூற்று நாற்பத்து மூன்று, அவள் படுத்திருந்த நாலையும் சேர்த்து. எல்லாம் ஒரே அளவு. செங்கல் மாதிரி ஓரம் ஓரத்தோடு பொருந்தியது. உட்கார இடமில்லாமல் நானும் டிரைவரும் கடை வாசலில் ஆளுக்கொரு ஸ்டூல் போட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்தக் கட்டிலத்தான் அளந்தேன் தம்பி" என்றார் தானாகவே. "அவ அதுலதானே படுப்பான்னு. முதல் வண்டிக்கு நான் கிளம்பறப்ப போய் ஒருதரம் பாப்பேன். சுருண்டு தூங்கிட்டு இருப்பா. ராத்திரி நான் வரப்பவும் சுருண்டுதான் தூங்குவா. காலை நீட்டிப் படுத்து நான் பாத்ததே இல்ல."

"கடைசி ரெண்டு வருஷம் தரையில பாய் போட்டுத்தான் படுப்பா" என்றார் அக்கா டீயை நீட்டிக்கொண்டே. "கட்டில் பத்தலன்னு. உங்ககிட்ட சொன்னேனே."

"எப்பச் சொன்ன?"

"நீங்க தூங்கிட்டு இருந்தப்ப."

பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். அக்காவுக்கும் அது புதுசு. பெண் ஹாஸ்டலுக்குப் போன முதல் வருஷம், ஒரு விளையாட்டுக் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு ஸ்பெஷல் வண்டி அந்த ஊருக்குப் போனது. ஓட்டியவர் இவர். மூன்று மணி நேரம் சும்மா இருந்ததால் ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனார். பின்பக்கக் கொடியில் யாரோ ஒரு குட்டைப் பெண் அந்தப் போர்வையை உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இது யாருடையதம்மா என்று கேட்டார். என்னோடதுதான் அங்கிள் என்றாள். ஆரஞ்சை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

"அதுலேருந்து, அவளே கேட்டு வாங்கற மாதிரி ஒண்ணு தெச்சுடணும்னு பாத்தேன். ஒவ்வொண்ணும் தெச்சு முடிச்சதும் தோணும், இது இல்ல, அடுத்ததுன்னு."

"அட கடவுளே!" என்று அக்கா அந்த ஈரப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒரு போர்வையோட முடிஞ்சிருக்குமே!"

சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்துக்கு அவள் இறங்கி வந்தாள். கன்னத்தில் தையல் கோடு பதிந்திருந்தது. தூக்கம் முழுசாகக் கலையவில்லை.

"கண் முழிச்சா ரூம் காலி. நான் எங்க இருக்கேன்னே தெரியலம்மா" என்றாள். கடைக்குள் இருந்த அடுக்கைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "எல்லாரும் முழிச்சுட்டு இருந்தீங்க, என்னை ஏன் எழுப்பல?"

அக்கா கணவரை முறைத்தார். "கேளுங்க. இப்பவாவது கேளுங்க."

டிரைவர் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். "நான் உன் ஹாஸ்டலுக்கு வந்தேன். முதல் வருஷம். அந்தப் போர்வை வேற ஒரு பொண்ணுகிட்ட இருந்துச்சு."

"அந்த ஆரஞ்சு... ஊர்லேருந்து ஒரு டிரைவர் குடுத்தாருன்னு வாட்ச்மேன் சொன்னாரு. அது நீங்களா?"

"ம்."

"அப்பா, அது எனக்கு நீளம் பத்தலப்பா. ரூம்ல இருந்தவ குட்டை. அவளுக்கு அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. குளிர்ல நடுங்குவா. குடுத்தேன்."

"அவ்வளவுதானா?"

மழை கொஞ்சம் பலத்தது. அவள் அடுக்கின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

"இல்லப்பா. வெட்கமாவும் இருந்துச்சு. எல்லாருகிட்டயும் கடையில வாங்கின ஒரே கலர் போர்வை. என்னுதுல மட்டும் என் பள்ளிக்கூடப் பாவாடை, அம்மா உள்பாவாடை, உங்க காக்கி. வீட்டையே கட்டில் மேல விரிச்சு வெச்ச மாதிரி. எல்லாரும் வந்து வந்து பாத்தாங்க. அவ கேட்டதும் குடுத்துட்டேன். குடுத்துட்டு அன்னிக்கு ராத்திரியே அழுதேன். திருப்பிக் கேக்க முடியுமா?"

டிரைவர் தலையை ஆட்டினார். முடியாது என்கிறாரா, புரிகிறது என்கிறாரா என்று தெரியவில்லை.

"அவ அதை விடவே இல்லப்பா. கல்யாணம் ஆகிப் போறப்பகூட எடுத்துட்டுப் போனா. இப்ப அவ பையன் அது இல்லாமத் தூங்க மாட்டேங்கறானாம்."

"ஓரம் பிரிஞ்சிருக்குமே" என்றார் அவர். "அது கைத்தையல். அப்ப எனக்குச் சரியா வராது."

"பிரிஞ்சுதான் இருக்கு."

"அனுப்பச் சொல்லு. அடிச்சுத் தரேன்."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கடை விளக்கு ஏன் இப்படி மங்கலாக எரிகிறது என்று என்னைக் கேட்டார்.

இந்த முறை அவள் நாலு நாள் இருந்தாள். அவர் டிப்போ பக்கம் போகவில்லை. நாலு நாளும் அப்பாவும் பெண்ணும் என் கடையைக் காலி செய்வதில்தான் கழிந்தது. முதலில் அவளுடைய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டாள். கொதிக்கிற தண்ணீரில் போடமுடியாத துணியை வார்டுக்குள் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். டிரைவருக்கு முகம் விழுந்துபோனது. பிறகு அவருக்கே ஒன்று தோன்றியது. ராத்திரி வண்டியிலேயே தங்குகிறவர்கள் பஸ்ஸின் பின்சீட்டில் கால் மடக்கித்தான் படுக்க முடியும். மடக்கிப் படுத்தால் நாலரை அடி தாராளம். ஐம்பது போர்வை டிப்போவுக்குப் போனது. டிரைவர், கண்டக்டர் ஒருத்தர் விடாமல் வாங்கிக்கொண்டார்கள். மத்தியானம் பிள்ளைகளைத் தூங்கவைக்கிற பள்ளிக்கூடம் நாற்பது எடுத்துக்கொண்டது. பால்காரர் கன்றுக்குட்டிக்கு ஒன்று கேட்டார். அக்கா கோபப்பட்டார். டிரைவர், "அதுக்கும்தான் குளிரும்" என்று கோடு போட்டதில் ஒன்றைத் தேடிக் கொடுத்தார். தச்சர் கண்ணாடிக் கதவுகளைச் சுற்றி எடுத்துப்போக ஆறு வாங்கிக்கொண்டு, ஏழாவதாக ஒன்றைத் தனக்கென்று கேட்டு வாங்கினார். மிச்சத்தை இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்துத் தருகிறேன் என்று தெருவுக்கு அறிவிப்பு வந்தது. தபால்காரம்மா முதல் ஆளாகத் தன் மூன்றையும் கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த தடவை அவள் மூன்று மாதத்திலேயே வந்தாள். அதற்குள் உள்ளறையில் ஆறரை அடியில் ஒரு புதுக் கட்டில். அதன் மேல் ஏழடியில் ஒரு போர்வை. மூன்று மாதத்தில் டிரைவர் தைத்தது அது ஒன்றுதான். வழக்கம்போல ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாராம். நடுவில் ஒரு கோடு விலகியிருந்தது தெரிந்தும் பிரிக்கவில்லையாம். அதை அக்காதான் எனக்குச் சொன்னார்.

கிளம்புகிற அன்று காலை, பையைத் தூக்க நான் மாடிக்குப் போயிருந்தேன். டிரைவர் போர்வையை மடிக்கக் குனிந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எடுத்துட்டுப் போகலப்பா."

அவர் நிமிர்ந்தார். "ஏன், இதுவும்...?"

"இல்ல. நீளம் எல்லாம் மிச்சமே இருக்கு. அங்க எனக்குப் போர்த்திக்க ஏதோ ஒண்ணு இருக்கு. இங்க வந்தா எனக்குன்னு ஒண்ணு வேணும்ல?"

அவர் மடிக்க எடுத்த நுனியைக் கீழே விட்டார். "அப்ப அடிக்கடி வரணுமே."

"வரேன். அடுத்த மாசம் மூணு நாள் லீவு இருக்கு."

அவரே பஸ் நிலையம் வரைக்கும் கூடப் போனார். அவருக்குத் தெரிந்த டிரைவர் வண்டியாகப் பார்த்து, முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டு, வண்டி திரும்புகிற வரைக்கும் நின்றுவிட்டு வந்தார். அக்கா அதற்குள் அறையைப் பெருக்கி, கட்டிலைச் சரி செய்யப் போனாராம். அவள் எழுந்து போன இடத்தில் போர்வை பாதி தரையில் தொங்கிக்கொண்டு, சுருக்கமும் குழியுமாகக் கிடந்திருக்கிறது.

"மடிச்சு வெக்கலாம்னு கை வெச்சேன் தம்பி" என்றார் அக்கா. "பின்னாலயே வந்து நின்னுட்டாரு. விடு, அப்படியே கிடக்கட்டும், அடுத்த மாசம் வராள்லங்கறாரு. சரின்னு விட்டுட்டேன்."